ரசலையனின் காலைச் சிரிப்பு

"சிரிச்சியளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க!"

"ஏட்டி, பையப் பேசு. ரோட்டுல ஆளு போவுது."

"போவட்டு! ஊரு ஒக்கக் கேக்கட்டு! காலத்த எழும்பி, சன்னல் பக்கத்துல ஒத்தைக்கு நின்னு, வெளிய பாத்துச் சிரிச்சியளா இல்லியா?"

"செரி, சிரிச்சேன். அதுக்கு இப்பம் என்ன? சிரிக்கப்பிடாதா?"

"சிரிக்கலாமே! இருவது வருசமா என்னப் பாத்துச் சிரிக்காத மனுசன் சன்னலப் பாத்துச் சிரிச்சா அதுக்குப் பேரு என்ன?"

"ஒன்னப் பாத்தும் சிரிச்சிருக்கேனே. கல்யாணப் போட்டோவுல பாரு."

"அது போட்டோக்காரன் சொன்னதுக்குச் சிரிச்சது!"

இத்தனையும் மதில் தாண்டி, பாதை தாண்டி, குளோரி வீட்டு அடுக்களை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. குளோரி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். தேங்காய் தானாகவே தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு சண்டையா என்று தோன்றலாம். புன்னைவிளைக்காரர்களுக்குத் தோன்றாது. ரசலையன் காலையில் சிரித்தார் என்பது கோயில் மணி ஆள் இல்லாமல் அடித்தது என்பதுபோல ஒரு செய்தி.

காரணம் தொழில். ரசலையன் சொந்த ரப்பர் தோட்டத்தில் தானே பால் வெட்டுகிறவர். ரப்பர் மரம் குளிர்ந்த நேரத்தில்தான் தாராளமாகப் பால் விடும். ஆகவே ஊர் உறங்கும்போதே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மரம் மரமாகக் கத்தி வைத்து, சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, அதை உறையவைத்து ஷீட்டாக அடித்துக் காயப்போட்டு, கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். சாயங்காலம் எழும்பும்போது யாரோ அடித்து எழுப்பிய முகமாக இருக்கும். அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தால் கரண்டி செய்த கொல்லன் வரைக்கும் திட்டு போகும். பகலில் கொஞ்சம் வெளிச்சம் பார்க்கலாம் என்றால் வீட்டைச் சுற்றியும் ரப்பர்தான். ஒரு மரத்துக்கான இடத்தைக்கூட விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சுவரை ஒட்டி நட்டவர் அவர். மத்தியானத்திலும் அந்த வீட்டில் டியூப்லைட் எரியும்.

அந்த முகத்தோடு அவர் மனைவி நேசபாய் பழகிவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. "எங்க வீட்டுக்காரரு ஒருத்தியையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாவ" என்று சபையில் பெண்கள் கூட்டத்தில் சொல்லிக்கொள்வாள். உண்மைதான். ஒருத்தியும் அவரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பயம்.

மரங்களுக்கு வயதாகி, கத்தி வைக்கப் பட்டையும் தீர்ந்துவிட்டதால், புதுவருஷம் கழிந்ததும் மொத்தத் தோட்டத்தையும் வெட்டி விற்றார் ரசலையன். மழை தொடங்கினால்தான் புதுக்கன்று நட முடியும். அதுவரை வேலை கிடையாது; இருட்டில் எழும்பவும் வேண்டாம். வேதம் வாசித்துவிட்டுப் படுத்தால் கோழி கூவித்தான் விழிப்பு. விழித்தால் ஜன்னல் வழியாக நேரே முகத்தில் வெயில்.

முதலில் முகம் இளகியது. பிறகு ஒருநாள் சாயாவைக் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றார். இன்னொரு நாள் குளிக்கும்போது கீர்த்தனை பாடினார். இதுவரைக்கும் நேசபாய் பொறுத்துக்கொண்டாள். சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் மரங்கள் போனபின் அந்த ஜன்னலில் வெயில் மட்டுமா தெரிந்தது? தோட்டத்தின் அந்தக் கரையில் லீமாவின் மொட்டைமாடியும் தெரிந்தது.

லீமா குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பியவள். நாற்பதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை. காலையில் மாடியில் துணி காயப்போடுவாள். இத்தனை காலம் ரப்பர் மரங்கள் மறைத்து வைத்திருந்த பெண் இப்போது கொடியில் துணியோடு சேர்ந்து பளிச்சென்று தெரிந்தாள்.

குளோரி சண்டை ஓய்ந்ததும் கருவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்தாள். அவள் வீட்டில் கருவேப்பிலை மரமே நிற்கிறது என்பதை இருவரும் பேசவில்லை.

"அண்ணன் நல்ல மனுசன். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல்ல," என்றாள் குளோரி. "ஆனா நேசம், மரம் நிக்கும்போ சிரிக்காத ஆளு, மரம் போன பொறவு சிரிக்காவ. மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மட்டும் நீ யோசி."

நேசபாய் யோசித்தாள். யோசித்து, ஷீட் உலர்த்தும் கொட்டகையில் மழைக்குக் கட்டுகிற நீலத் தார்ப்பாயை எடுத்துவந்து கிழக்கு ஜன்னலை மூடி நான்கு மூலையிலும் ஆணி அடித்தாள்.

"எதுக்குட்டி இது?"

"கொசு."

"காலத்தயா?"

"காலத்த வாற கொசுவாக்கும் இப்பம் மோசம்."

ரசலையன் சந்தோஷமாக இருந்த காலம் அது. ஆகவே சண்டைக்கு நிற்கவில்லை. சாயா கிளாஸை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். வெட்டிய மரத்தின் குற்றி ஒன்றின்மேல் ஏறி, சட்டையில்லாத உடம்போடு கிழக்கே திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். இறங்கும்போது முகத்தில் முன்னைவிடப் பெரிய சிரிப்பு.

"சன்னல்ல அரை ஆளாத் தெரிஞ்ச மனுசன முழு ஆளா வெளிய கொண்டு நிறுத்திட்டியே நேசம்," என்றாள் குளோரி. "அதும் மேடை போட்டு."

அன்றைக்கே நேசபாய் தேங்காய்ப்பட்டணம் ஜலாலுதீன் முதலாளிக்குப் போன் செய்தாள். அவருக்குத் திற்பரப்புப் பக்கம் தோட்டம் உண்டு. பால் வெட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"ரசலையன் வருவாரா? அவரு கைக்கு மரம் கேட்டுக்கேட்டுப் பால் தருமே!" என்றார் முதலாளி.

"அனுப்பி வைக்கது எம் பொறுப்பு," என்றாள் நேசபாய்.

சும்மா இருந்தால் உடம்பு துருப்பிடிக்கும், ஊர் சிரிக்கும் என்றெல்லாம் சொல்லி ரசலையனைக் கிளப்பிவிட்டாள். மறுபடி நெற்றியில் லைட், இருட்டில் பைக், பகலில் தார்ப்பாய் மூடிய அறையில் உறக்கம். ஒரு வாரம் போவதற்குள் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். கீர்த்தனை நின்றது. ஒரு சாயங்காலம் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, "இது கறியா, கழனித்தண்ணியா?" என்று தட்டைத் தள்ளினார்.

நேசபாய்க்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. தன் கணவர் தனக்கே கிடைத்துவிட்டார்!

அந்த ஆனந்தத்துக்கு ஆயுசு குளோரி அடுத்தமுறை வருகிறவரைக்கும்தான்.

"என்ன நேசம், அண்ணன் இப்பிடி வாடிப்போனாவ?"

"ஒறக்கம் இல்லல்லா. அதாக்கும்."

"ஒறக்கம் இல்லாம இதுக்கு முன்னயும் வெட்டினாவதான். அப்பம் உள்ளது வெறும் கோவம். இது வேற." குளோரி குரலைத் தாழ்த்தினாள். "முந்தி அவியளுக்கு எழக்க ஒண்ணும் இல்ல. இப்பம் காலத்த வீட்டுல நிக்க முடியல்லியேன்னு ஒரு ஏக்கம். இது பிரிவாக்கும் நேசம், பிரிவு."

இதன்பிறகு அந்த வீட்டில் ரசலையன் சிரித்தாலும் குற்றம், முறைத்தாலும் குற்றம். போதாததற்கு, விடியுமுன் கிளம்புகிற மனிதன் திற்பரப்புக்குத்தான் போகிறாரா என்று ஒரு பதைப்பு, ஒரு வெப்ராளம், நேசபாயின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் எழும்பும்போது அவளும் எழும்பினாள். பைக் வெளிச்சம் எந்த வளைவில் திரும்புகிறது என்று பார்த்தாள். பிறகு படுத்தால் உறக்கம் வரவில்லை. தார்ப்பாயில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, பகல் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து லீமாவின் மாடியைப் பார்த்தாள். வெயிலில் துணி காய்ந்தது. இருட்டில் நேசபாய் காய்ந்தாள்.

விளைவு, ரசலையனிடம் இருந்த முகம் நேசபாய்க்கும் வந்தது. மீன்காரியிடம் சாளைக்குக் கண் சரியில்லை என்று சண்டை போட்டாள். உபதேசியாரிடம் கோயில் மணிச்சத்தம் கூடிப்போனதென்று சண்டை போட்டாள். பெண்கள் கூட்டத்தில் செயலாளர் அம்மா கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, "போரும், ஆண்டவருக்கு வேற சோலி இல்லியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

கோபத்தில் பழுத்த ரசலையனே பயந்துபோனார். "ஒரு வீட்டுல ஒரு பிசாசு போரும்" என்று சொல்லி, ஜலாலுதீன் முதலாளியிடம் கும்பிடு போட்டு வேலையை விட்டார். மறுநாளே குற்றியின்மேல் ஏறி வெயிலில் நின்றார். சில நாளில் சிரிப்பும் வந்துவிட்டது.

"வேலய விட்டாச்சு, சிரிப்பும் வந்தாச்சு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று நேசபாய் புதுக்கடைக்குப் போன் போட்டு அழுதாள்.

புதுக்கடையில் இருந்தது அவள் தம்பி ஞானசிங். பெயிண்ட் கடை வைத்திருந்தான். கடையில் எல்லா நிறமும் உண்டு. அவன் முகத்தில் மட்டும் ஒரு நிறமும் ஏறாது. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு அந்த முகமே காரணம். பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவன்போல உட்கார்ந்திருப்பான். ஒரு வீட்டில் பெண்ணின் தாயார், "தம்பி, யாராவது தவறிட்டாவளா?" என்றே கேட்டுவிட்டார்.

"லே ஞானம், நீ ஒரு ஒதவி செய்யணும்," என்றாள் நேசபாய். "லீமா வீட்டு வாசல் இஞ்சருந்து தெரியாது. நீ காலத்த அவ வீட்டுக்கு எதுக்க, ரோட்டோரக் கலுங்குச் செவருல போய் இரி. அத்தான் அந்தப் பக்கம் வாறாவளான்னு பாத்துச் சொன்னாப் போரும்."

"எத்தன நாளு?"

"பிடிபடுகது வரைக்கும்."

ஞானசிங் கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்தான். காலையில் சாயா குடித்துவிட்டுக் கிளம்புவான். வெயில் ஏறியதும் வந்து தகவல் சொல்வான்.

"அத்தான் வரல்ல. அவ மாடியில துணி காயப்போட்டா. அவ்வளவுதான்."

இது தொடக்கத்தில். பிறகு தகவல் கொஞ்சம் நீண்டது.

"அத்தான் வரல்ல. அவ ரோசாச் செடிக்குத் தண்ணி விட்டா. நல்ல கையி அக்கா. வாடிப்போன செடியெல்லாம் தல நிமிந்து நிக்கி."

"ஒன்னச் செடி பாக்கவா அனுப்பினேன்?"

"எல்லாத்தையும் பாக்கணும்லா? அதாக்கும் காவலு."

அடுத்தடுத்த நாட்களில் அவன் புதுச் சட்டை போட்டான். விசிலடித்துக்கொண்டு வந்தான். "அவ சாயாவுக்குச் சீனி போட மாட்டா, கருப்பட்டிதான்" என்று ஒருநாள் சொன்னான். அத்தான் அங்கே போகவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் நேசபாயின் காதில் ஏறவில்லை. போகவில்லை என்பதும் அவளுக்கு நிம்மதி தரவில்லை. போகாமலே ஒரு மனிதன் இப்படிச் சிரிக்கிறான் என்றால், போனால் எப்படிச் சிரிப்பான்!

பொறுமை தீர்ந்து ஒருநாள் அவளே புறப்பட்டாள். தோட்டத்தைக் குறுக்கே கடந்து, கன்றுக்காக வெட்டி வைத்த குழிகளைத் தாண்டித் தாண்டி, லீமாவின் மாடிக்குக் கீழே போய் நின்றாள்.

"ஏட்டி லீமா! எறங்கி வா கீழ!"

லீமா வாயில் கவ்விய கிளிப்பை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்ன அக்கா?"

"எங்க வீட்டுக்காரர என்ன செஞ்ச?"

"நானா? அக்கா, அவிய மொகத்த நான் சரியாப் பாத்ததுகூட இல்ல. காலத்த சூரியனப் பாத்து கண்ண மூடிட்டு நிக்காவ. நானும் ஏதோ வைத்தியம்னுல்லா நெனச்சேன்."

"பின்ன எதுக்குச் சிரிக்காவ?"

லீமா இறங்கி வந்தாள். வந்தவள் நேசபாயின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாள். "அக்கா, நான் குவைத்துல வருசக்கணக்குல நைட் டியூட்டி பாத்தவ. பகலு கர்ட்டன் போட்டு ஒறங்குவேன். வெயில்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோச்சு. கூட இருந்த பிள்ளையள்ட்ட ரொட்டிக்குச் சண்டை, உப்புக்குச் சண்டை. சும்மா இருந்து அழுவேன். பகல் டியூட்டிக்கு மாறின பொறவுதான் மனுசியானேன். அண்ணனுக்கும் அதாக்கும். ராத்திரி ஒறக்கம், காலத்த வெயிலு. வேற ஒருத்தியும் இல்ல."

"அப்பிடியாக்கும்?" நேசபாயின் குரல் உடைந்தது. "இருவது வருசம் பொங்கிப்போட்டு நான் குடுக்காத சந்தோசத்த, அந்தத் தெருவுல கெடக்க வெயிலு குடுத்துட்டாக்கும்?"

 பெண்ணாக இருந்தால் முடியைப் பிடிக்கலாம். வெயிலை எங்கே பிடிப்பது?

"அக்கா முதல்ல ஒறங்கணும்," என்றாள் லீமா மெதுவாக. "நெய்யூருல நல்ல டாக்டரம்மா ஒருத்தி இருக்கா. பேரு தாறேன்."

நேசபாய் நெய்யூருக்குப் போனாள். லீமா சொன்ன டாக்டரிடம் போகவில்லை. அந்த அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. வேறொரு டாக்டரைத் தேடிப் பிடித்தாள். அவரும் மாத்திரை எழுதவில்லை.

"தினமும் ஒரே நேரத்துல படுங்க, ஒரே நேரத்துல எழும்புங்க. காலையில கொஞ்ச நேரம் வெளிய வெயில்ல நில்லுங்க. உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் உண்டும்மா. அது வெளிச்சத்தப் பாத்துதான் ஓடும். அது தப்பினா மனசும் கூடத் தப்பும்."

இங்கேயும் லீமா போன் போட்டுவிட்டாளோ என்று நினைத்தபடியே நேசபாய் பஸ் ஏறினாள். புன்னைவிளையில் இறங்கியபோது எதிரே ஞானசிங் நடந்து வந்தான். அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஞானசிங் சிரித்துக்கொண்டிருந்தான். பல் தெரிய. தனியாக. அவனுக்குப் பல் வரிசை இப்படி இருக்கும் என்பதே கூடப்பிறந்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கர்த்தாவே!" என்றாள் நேசபாய்.

காலையானால் கலுங்கில் உட்காருகிறான். வெயிலில் உட்காருகிறான். பெற்ற தாய் சிரிக்கவைக்க முடியாத இந்த முகத்தையே வெயில் சிரிக்கவைத்துவிட்டது என்றால், ரசலையன் எம்மாத்திரம்! லீமாவின் பேச்சு வேண்டாம், டாக்டரின் பேச்சும் வேண்டாம். சொந்த ரத்தத்தின் பல்லே சாட்சி.

வீட்டுக்குப் போனதும் தார்ப்பாயைப் பிய்த்து எறிந்தாள். அன்றைக்கு விளக்கு வைத்தபின் படுத்தவள் வெயில் முகத்தில் அடித்துத்தான் எழும்பினாள். முற்றத்தில் ரசலையன் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பயந்து குற்றியிலிருந்து இறங்கினார்.

"எறங்கண்டாம்," என்றாள். "நானும் நிக்கேன்."

"இன்னா, இந்தப் பக்கம் நில்லு. இஞ்சதான் மொகத்துல படும்."

நாலைந்து நாள் இருவரும் அப்படி நின்றார்கள். ஒரு காலையில் ரசலையன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் போட்டோக்காரன் யாரும் இல்லை. நேசபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னட்டி?"

"வெயிலு கண்ணுல பட்டுட்டு."

அதன்பிறகு அவள் வெயிலுக்கு ஊழியக்காரி ஆகிவிட்டாள். பெண்கள் கூட்டத்தில் எழும்பி வெயிலைப் பற்றிச் சாட்சி சொன்னாள். "எந் தம்பியப் பாத்துக்கிடுங்க" என்று உதாரணம் காட்டினாள். செயலாளர் அம்மாகூட மன்னித்துவிட்டார். புன்னைவிளையில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள், குளோரியைத் தவிர. பேச ஒன்றும் கிடைக்காமல் அவள் மெலிந்துகொண்டு வந்தாள்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "புதுக்கடை சபையைச் சேர்ந்த ஞானசிங் என்பவருக்கும், நம் சபையைச் சேர்ந்த லீமா என்பவருக்கும்…"

பெண்கள் பக்கம் மொத்தமாக நேசபாயைத் திரும்பிப் பார்த்தது. அவள் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தாள். பிறகு அந்த வாயே சிரிப்பாக மாறியது. சந்தேகத்தின் கடைசிப் பொறியும் அணைந்தது. இனி லீமா யார்? தம்பி பெண்டாட்டி!

"கள்ளப் பயலே, எங்கிட்டகூடச் சொல்லல்லியே!"

"வெக்கமா இருந்து, அக்கா," என்றான் ஞானசிங்.

இந்த வயதில் காத்திருக்க என்ன இருக்கிறது? ஜூன் பிறந்ததும் கல்யாணம் முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் புதுக்கடைக்குக் குடிபோகக் காரில் ஏறினார்கள். நேசபாய் கார் ஜன்னலில் தலையை விட்டுத் தம்பியின் கன்னத்தைத் தட்டினாள்.

"எல்லாம் வெயிலு செஞ்ச வேலலே. காலத்த வெயில்ல இருந்து மொகம் தெளிஞ்சு, அவளுக்கும் பிடிச்சுப்போச்சு."

"வெயிலா?" ஞானசிங் சிரித்தான். "எனக்கு வெயிலு பட்டா தலவலில்லா அக்கா. மொத நாளே லீமா பாவம் பாத்து கொட கொண்டு தந்தா. ரெண்டு நாளு அதுக்குக் கீழ இருந்தேன். பொறவு அவ வீட்டுக்கு உள்ளதான் இருந்தேன்."

கார் போய்விட்டது. நேசபாய் மட்டும் கையை ஆட்டிய நிலையிலேயே ரோட்டில் நின்றாள்.

அன்று சாயங்காலமே கடல் பக்கமிருந்து மேகம் ஏறி மழை பிடித்துக்கொண்டது. இடவப்பாதி என்று ஊரில் சொல்கிற தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் விடுமா? நாள்கணக்கில் சூரியனைக் காணவில்லை. ரசலையன் நனைந்து நனைந்து புதுக்கன்று நட்டார். மிச்ச நேரத்தில் கிழக்கு ஜன்னலில் உட்கார்ந்து, மூடிக்கிடந்த வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

மழை, மழைதான் என்று நேசபாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குளோரி மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே வந்தாள். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு நேசபாயின் காதோரம் குனிந்து கேட்டாள்:

"லீமா இஞ்சருந்து போன பொறவு அண்ணன் ஒருக்காகூடச் சிரிக்கல்ல, கவனிச்சியா நேசம்?"